கைமாறிய பாட்டு

சில பாட்டுக்களுக்கு ஜாதகம் கணித்துவிடலாம். இன்ன ஆண்டில், இன்னாருக்குப் பிறந்தது என்று திட்டமாகச் சொல்லிவிட முடியும். ஆனால் இப்போது அது யாருடைய பாட்டு என்று கேட்டால் மட்டும் பதில் தடுமாறும். 'டென்னஸி வால்ட்ஸ்' என்ற அமெரிக்கப் பாட்டு அந்த ரகத்தைச் சேர்ந்தது. 'கண்ட்ரி' சங்கீதம் என்று அந்த நாட்டார் சொல்லுகிற நாட்டுப்புறப் பாணியில் பிறந்த பாட்டு அது. எழுதினவர்கள் இருவர். அவர்களில் ஒருவர்தான் முதலில் பாடித் தட்டில் பதிந்தவர். உலகப் பிரசித்தி பெறச் செய்தவளோ வேறொருத்தி. அதற்குப் பிறகு அது எத்தனை குரல்களில் ஏறியிருக்கிறது என்று கணக்கெடுக்கப் புகுந்தால் ஒரு பஞ்சாங்கம் அளவுக்குப் புத்தகம் வேண்டும்.

பாட்டில் வரும் கதை மிகச் சிறியது. ஒரு நடனக் கூடத்தில் ஒருவர் தம் காதலரோடு ஆடிக்கொண்டிருக்கிறார். எதிர்பாராமல் ஒரு பழைய சிநேகிதம் எதிர்ப்படுகிறது. மரியாதைக்கு இருவரையும் அறிமுகம் செய்து வைக்கிறார். அந்த இருவரும் சேர்ந்து ஒரு சுற்று ஆடுகிறார்கள். ஆட்டம் முடிவதற்குள் காதல் கைமாறிவிடுகிறது. அவ்வளவுதான். கொலை இல்லை, சாபம் இல்லை, 'நீ நாசமாய்ப் போ' என்ற வசவுகூட இல்லை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு துரோகத்தை வாசகர்கள் நம்பும்படி சொல்ல எனக்கு இருபது அத்தியாயமாவது வேண்டியிருக்கிறது. இந்தப் பாட்டோ அந்தக் காரியத்தை மூன்று நிமிஷத்துக்குள் முடித்துவிடுகிறது. அது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். அறிமுகம் செய்து வைத்தது யார்? பறிகொடுத்தவரேதான். ஆகவே யாரையும் முழு மனத்தோடு ஏசவும் முடியவில்லை. தம்மைத் தாமே நொந்துகொள்ளவும் நியாயம் போதவில்லை. பண்போடு செய்த ஒரு சிறு காரியம் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது. இந்த இடத்தில் ஆத்திரத்துக்கு இடமில்லாமல் போய், துக்கம் மட்டும் தங்கிவிடுகிறது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கூடத்தில் அவர்கள் ஆடிய வாத்தியப் பாட்டின் பெயரும் 'டென்னஸி வால்ட்ஸ்'தான். பறிபோன இரவில் ஒலித்த அந்தப் பாட்டு நம் காதில் விழுவதே இல்லை. நமக்குக் கிடைப்பது அதை நினைத்து நினைத்து ஏங்குகிற இந்தப் பாட்டு மட்டும். அந்த முதல் பாட்டின் மெட்டு எப்படி இருந்தது? யாருக்கும் தெரியாது. ஆக, இந்தப் பாட்டு பிறக்கும்போதே வேறொன்றின் நினைவாகப் பிறந்துவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் சரித்திரத்தைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

வால்ட்ஸ் என்பது ஆணும் பெண்ணும் சேர்ந்து சுழன்று ஆடும் நடனம். தாளம் மூன்று எண்ணிக்கை. நம் வித்துவான்கள் திச்ரம் என்பார்களே, அந்தக் கணக்கு. ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் குடியானவர்கள் ஆடியது. பிறகு வியன்னா நகரத்து மாளிகைகளில் ஏறியது. ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களோடு அதுவும் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

அப்படிக் குடியேறிய போலந்துக்காரக் குடும்பம் ஒன்றில், விஸ்கான்சின் மாநிலத்தில், 1914-ல் பிறந்தவர் ஜூலியஸ் ஃபிராங்க் அந்தோணி குஜின்ஸ்கி. தகப்பனார் சொந்தமாக வாத்தியக் கோஷ்டி வைத்திருந்தார். பிள்ளையும் அக்கார்டியன் பெட்டியை மார்பில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 'வால்ட்ஸ் ராஜா' என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த வேய்ன் கிங் என்பவரிடமிருந்து 'கிங்' என்பதை எடுத்துக்கொண்டார். ஆள் குள்ளம் என்பதால் 'பீ வீ' என்ற பட்டமும் சேர்ந்தது. பீ வீ கிங் என்ற அந்தப் பெயரோடு 1937-ல் டென்னஸியின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போய், 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பிரபல ரேடியோ நிகழ்ச்சியில் தம் கோஷ்டியோடு இடம் பிடித்தார். பிடிலும் பாஞ்ஜோவும் கோலோச்சிய சபையில் போலந்துக்காரரின் அக்கார்டியன் நுழைந்தது. இது சின்ன விஷயமல்ல. தென்பகுதி மலைநாட்டாரின் பாட்டில் ஐரோப்பாவின் சுழல் நடனம் இவர் மூலமாக இன்னும் கொஞ்சம் அழுத்தமாகக் கலந்தது.

அவருடைய கோஷ்டியில் ரெட் ஸ்டூவர்ட் என்ற இளைஞர் பாடிக்கொண்டும் பிடில் வாசித்துக்கொண்டும் இருந்தார். இவர்தான் டென்னஸி மண்ணில் பிறந்தவர். யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர். 1946-ல் ஒரு நாள் இருவரும் கோஷ்டியின் வாத்தியங்களை ஏற்றிச் சென்ற லாரியில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார்கள். ரேடியோவில் பில் மன்றோ பாடிய 'கென்டக்கி வால்ட்ஸ்' ஒலித்தது. "கென்டக்கிக்கு ஒரு வால்ட்ஸ் இருக்கிறது, டென்னஸிக்கு இல்லையே" என்ற எண்ணம் ஸ்டூவர்ட்டுக்கு உண்டாயிற்று. கிங்கிடம் பெயர் வைக்காத ஒரு வால்ட்ஸ் மெட்டு வெகு நாளாக இருந்தது. கோஷ்டியார் அதைப் 'பெயரில்லா வால்ட்ஸ்' என்றே சொல்லி வாசித்துவந்தார்கள். கையில் காகிதம் இல்லை. ஒரு பெரிய தீப்பெட்டியைப் பிரித்து, அதன் மேல் ஸ்டூவர்ட் வார்த்தைகளை எழுதினார். உலகத்தைச் சுற்றப்போகிற பாட்டு தீப்பெட்டி அட்டையில் இறங்கியது.

நாஷ்வில்லில் ஃப்ரெட் ரோஸ் என்ற பாட்டுப் பிரசுரகர்த்தர் இருந்தார். 1942-ல் ராய் அக்கஃப் என்ற பாடகரோடு கூட்டுச் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தவர். தாமே நல்ல பாட்டாசிரியர். அவர் பாட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஓர் இடத்தில் கை வைத்தார். வால்ட்ஸையே விளித்து 'ஐயோ' என்று புலம்புகிற மாதிரி இருந்த வரியை, அந்த இரவை நினைவுகூர்வதாக மாற்றினார். புலம்பல் போய் ஞாபகம் வந்தது. நல்ல பத்திரிகாசிரியரிடம் சிக்கிய எழுத்தாளனுக்குத்தான் இந்த மாற்றத்தின் மதிப்புத் தெரியும்.

1947 டிசம்பரில் கிங்கின் கோஷ்டி பாட்டைப் பதிவு செய்தது. பாடியவர் ஸ்டூவர்ட். ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி 1948-ல் தட்டை வெளியிட்டது. அதே சமயத்தில் அந்தக் கோஷ்டியில் முன்பு பாடிக்கொண்டிருந்த கவ்பாய் கோபஸ் என்பவரும் தனியாக ஒரு தட்டுக் கொடுத்தார். அதை வெளியிட்ட கம்பெனியின் பெயரும் 'கிங்' என்பது ஒரு வேடிக்கை. இரண்டு தட்டுகளும் நாட்டுப்புற ரசிகர்களிடையே நன்றாக விலைபோயின. ஸ்டூவர்ட் பாடியதை இன்று கேட்டால், ஒரு நல்ல மனிதர் தமக்கு நேர்ந்ததை அண்டை வீட்டாரிடம் நிதானமாகச் சொல்லுகிற மாதிரி இருக்கிறது. அக்கார்டியன் அழவில்லை, தலையை ஆட்டி ஆமாம் போடுகிறது. கேட்டவர்கள் ரசித்தார்கள், ஆடினார்கள், வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1950-ல் எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் என்ற நீக்ரோ வாத்தியக் கோஷ்டித் தலைவர் (அந்நாளில் வழங்கிய சொல்லைத்தான் சொல்லுகிறேன், இன்று கறுப்பர் என்பதே மரியாதை) இந்தப் பாட்டைத் தம் பாணியில் பதிவு செய்தார். அது 'பில்போர்டு' பத்திரிகையில் வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லரின் காதில் விழுந்தது. அவர் ஜாக் ரேல் என்ற சிநேகிதரிடம், "உங்கள் பெண் பாடுவதற்கு ஏற்ற பாட்டு" என்று எடுத்துச் சொன்னார். ரேல், பாட்டி பேஜ் என்ற பாடகியின் காரியங்களைக் கவனித்துக்கொண்டவர். வெள்ளைக்காரர் எழுதி, கறுப்பர் வாசித்து, பத்திரிகைக்காரர் சிபாரிசு செய்து, கடைசியில் ஒரு பெண்ணின் கைக்கு வந்தது. எத்தனை அறிமுகங்கள் பாருங்கள்!

பாட்டி பேஜ் என்பது கிழவியைக் குறிக்கும் சொல் அல்ல. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. இயற்பெயர் கிளாரா ஆன் ஃபௌலர். ஓக்லஹோமா மாநிலத்தில் பதினொரு குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பத்தில் பிறந்தவள். உள்ளூர் ரேடியோவில் 'பேஜ்' என்ற பால் கம்பெனி செலவில் ஒரு நிகழ்ச்சி நடந்துவந்தது. அதில் பாட வருகிறவளுக்கு 'பாட்டி பேஜ்' என்று பெயர். பால் கம்பெனி கொடுத்த பெயர் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது.

1950-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்காக மெர்க்குரி கம்பெனி ஒரு தட்டைத் தயார் செய்தது. முன்பக்கத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிய குதூகலமான பாட்டு. கம்பெனியார் பணம் கட்டியது அந்தக் குதிரையின் மேல்தான். பின்பக்கத்தைக் காலியாக விடமுடியாதே என்று 'டென்னஸி வால்ட்ஸை' வைத்தார்கள். ஜனங்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். டிசம்பர் 30-ந் தேதி 'பில்போர்டு' வரிசையில் பின்பக்கம் முதலிடத்துக்கு வந்தது. ஒன்பது வாரம் அங்கேயே இருந்தது. முப்பது வாரம் அந்த வரிசையைவிட்டு இறங்கவில்லை. தாத்தா எந்தப் புகைபோக்கி வழியாக மறைந்தாரோ!

அவள் குரலில் என்ன இருந்தது? குரல் இனிமை மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். அந்தத் தட்டில் பாட்டி பேஜ் தன்னோடு தானே சேர்ந்து பாடுகிறாள். ஒரு முறை பாடிப் பதிந்ததன் மேல் மறுபடி தானே கூடப் பாடிப் பதிந்து, ஒரே பெண்ணை இருவராக்கிவிட்டார்கள். இந்த உத்தியை அவள் 1948-ல் வெளிவந்த 'கன்ஃபெஸ்' என்ற பாட்டிலேயே கையாண்டிருந்தாள். கூடப் பாட ஆள் கிடைக்காத சங்கடத்தில் உண்டான வழி அது. 'டென்னஸி வால்ட்ஸி'லோ அதே உத்தி அர்த்தமாக மாறிவிட்டது. துணையைப் பறிகொடுத்தவளுக்குப் பக்கத்தில் யார் நின்று பாடுவார்கள்? அவளேதான். இரண்டு குரலும் நெருங்கி வருகின்றன, ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன, ஆனாலும் கூடத்தில் இருப்பது ஒருத்திதான். கதாசிரியன் நாலு பக்கம் வர்ணித்தாலும் இவ்வளவு தனிமையைக் கொண்டுவர முடியாது.

ஸ்டூவர்ட் எழுதியதில் இதற்கு இன்னொரு வசதி இருந்தது. சிநேகிதரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆண், பெண் வித்தியாசம் கிடையாது; காதலரைக் குறிக்கும் சொல்லுக்கும் அப்படியே. 'அவன்' என்பதை 'அவள்' என்று ஓரிடத்தில் மாற்றினால் போதும், ஆணின் துக்கம் பெண்ணின் துக்கமாகிவிடும். தமிழில் எழுதியிருந்தால் தோழனா தோழியா என்று முதல் வரியிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். யார் வந்து நின்றாலும் அளவாகப் பொருந்துகிற சட்டையைத் தைத்து வைத்திருந்தார் ஸ்டூவர்ட். பாட்டி பேஜ் அதைப் போட்டுக்கொண்ட பிறகு, அது முதலில் ஓர் ஆணுக்குத் தைத்தது என்பதே ஜனங்களுக்கு மறந்துபோயிற்று.

பிறகு கேட்க வேண்டுமா? லெஸ் பாலும் மேரி ஃபோர்டும், ஜோ ஸ்டாஃபோர்டும், கை லொம்பார்டோவின் கோஷ்டியும் ஆளுக்கொரு தட்டுக் கொடுத்தார்கள். ஸ்பைக் ஜோன்ஸ் என்ற விகட வித்துவான் இதைக் கேலி செய்து ஒரு தட்டே விட்டார். கேலி செய்கிற அளவுக்கு வந்துவிட்டால் பாட்டு ஊர்ச்சொத்தாகிவிட்டது என்று பொருள்.

இதே சமயத்தில் பாட்டு பசிபிக் மகாசமுத்திரத்தையும் தாண்டிவிட்டது. யுத்தத்தில் தோற்ற ஜப்பானில் அமெரிக்கத் துருப்புகள் 1945 முதல் தங்கியிருந்தன. முகாம்களில் சிப்பாய்களுக்கு முன்னால் ஆங்கிலப் பாட்டுக்களைப் பாடிச் சம்பாதித்த ஜப்பானியச் சிறுமிகள் உண்டு. அவர்களில் ஒருத்தி சியெமி எரி. 1937-ல் பிறந்தவள். 1952 ஜனவரியில் அவளுடைய முதல் இசைத்தட்டு வந்தபோது அவளுக்கு வயது பதினைந்து. பாட்டு, 'டென்னஸி வால்ட்ஸ்'. பாதி ஆங்கிலம், பாதி ஜப்பானிய மொழி. கம்பெனியின் பெயர் கேளுங்கள்: அதுவும் 'கிங்'! ஜப்பானில் உள்ள வேறொரு கிங். அந்தப் பெயர் இந்தப் பாட்டை விடுவதாயில்லை.

ஜப்பானில் அது அமோகமான வெற்றி. டென்னஸி எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு, யாரை நோவது என்று தெரியாமல், போன நாளை நினைத்துக்கொண்டிருந்த ஜனங்கள் அவர்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டு புரிந்தது. வென்றவர்களின் சிப்பாய்க் கூடாரத்திலிருந்து வந்த பாட்டில் தோற்றவர்கள் தங்கள் துக்கத்தைக் கண்டுகொண்டார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் அந்நிய ஆட்சி முடிந்தது. பாட்டு மட்டும் திரும்பிப் போகவில்லை.

அமெரிக்காவில் கறுப்பர்கள் இந்தப் பாட்டை மறக்கவில்லை. மாதா கோயில் பாட்டில் தேர்ந்த சாம் குக் 1964-ல் இதை எடுத்துக்கொண்டார். எடுத்தவர் முதல் காரியமாக மூன்று எண்ணிக்கையைத் தூக்கி எறிந்துவிட்டு, நாலு எண்ணிக்கையில் துள்ள விட்டார். வால்ட்ஸ் இல்லாத வால்ட்ஸ்! பறிகொடுத்தவர் அழவில்லை, கையைத் தட்டிக்கொண்டு, 'சரி, போனது போகட்டும்' என்று எழுந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1965-ல், டென்னஸி மாநிலத்தார் இதைத் தங்கள் அதிகாரபூர்வமான மாநிலப் பாட்டுக்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டார்கள். மாநிலத்தின் பெருமையாக இதில் ஒரு வரியும் கிடையாது. ஒரு நதி, ஒரு மலை, ஒரு வீரன் கிடையாது. தோற்றுப்போன ஒரு காதல்தான் இருக்கிறது. அதையே தங்கள் பாட்டென்று நெஞ்சில் கை வைத்து ஏற்றுக்கொண்ட மாநிலத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

1966-ல் ஓடிஸ் ரெடிங் பாடினார். அவர் ஜார்ஜியாக்காரர், ஆனால் பதிவானது டென்னஸியைச் சேர்ந்த மெம்பிஸ் நகரத்தில். நான் இந்தப் பாட்டின் பல தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் கேட்டபோது என்னை உலுக்கிப் போட்டது ரெடிங்குடையதுதான். ஸ்டூவர்ட் நிதானமாகச் சொன்னதை, பாட்டி பேஜ் ரகசியமாகச் சொன்னதை, ரெடிங் தொண்டை கம்மிக் கெஞ்சுகிறார். வார்த்தையை முடிக்க முடியாமல் திணறுகிறார். சொன்னதையே மறுபடி சொல்லுகிறார். மற்றவர்களுக்கு அந்த இரவு என்றோ நடந்தது. ரெடிங்குக்கு அது இப்போதுதான் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. மறு வருஷம் டிசம்பரில், இருபத்தாறாம் வயதில், விமான விபத்தில் இறந்துபோனார்.

கனடாவின் கவிஞரும் பாடகருமான லெனார்ட் கோஹன் 1985-ல் ஸ்விட்ஸர்லாந்தில் இதை மேடையில் பாடினார். 2004-ல் தம் இசைத்தட்டு ஒன்றில் அதைச் சேர்த்தார். அவர் தாமே ஒரு சரணம் எழுதிப் பாட்டோடு கூட்டிவிட்டார். பிறர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் ஓர் அறையும் கட்டிக்கொண்ட கதைதான். ஆனால் யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதற்குள் அந்த வீட்டுக்குள் எத்தனையோ பேர் குடியேறியிருந்தார்கள்.

மறுபடி ஜப்பானுக்குப் போக வேண்டும். சியெமி எரி 1959-ல் கென் தகாகுரா என்ற சினிமா நடிகரை மணந்தாள். 1971-ல் விவாகரத்து ஆயிற்று. 1982 பிப்ரவரியில், நாற்பத்தைந்தாம் வயதில் அவள் இறந்துபோனாள். தகாகுரா ஜப்பானின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவராக வாழ்ந்து 2014-ல் காலமானார். 1999-ல் அவர் நடித்து வெளிவந்த படம் ஒன்று உண்டு: 'பொப்போயா'. ரயில்வேக்காரன் என்று பொருள் கொள்ளலாம். வடகோடியில், பனி மூடிய ஹொக்கைடோ தீவில், ரயில் பாதை முடிகிற இடத்தில் ஒரு சிறு ஸ்டேஷன். அதன் மாஸ்டர் கடமை தவறாதவர். குழந்தை இறந்த அன்றும் பிளாட்பாரத்தில் கொடி காட்டிக்கொண்டிருந்தவர். மனைவியும் போய்விட்டாள். அந்த மனைவியின் நினைவோடு படத்தில் கலந்து வருகிற மெட்டு எது தெரியுமா? 'டென்னஸி வால்ட்ஸ்'.

அந்தக் காட்சிகளில் நடித்தபோது தகாகுராவின் மனத்தில் என்ன ஓடிற்று என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அதை ஊகித்து எழுதுவது கதாசிரியனின் தொழில் என்று யாராவது சொன்னாலும், நான் எழுதமாட்டேன். ஆனால் படம் பார்த்த ஜப்பானியர்களில் வயதானவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். திரையில் தெரிவது ஸ்டேஷன் மாஸ்டரின் முகம். கேட்கிற மெட்டோ பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தங்களுக்கு முதன்முதலில் பாடிக்காட்டியது. விஸ்கான்சின் போலந்துக்காரரின் பெயரில்லாத மெட்டு அங்கே வந்து தன் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டது.

இத்தனை தட்டுகளில் எது அசல், எது நகல் என்று சண்டை போடுகிறவர்கள் எப்போதும் உண்டு. தேதியை வைத்துப் பார்த்தால் கிங்கும் ஸ்டூவர்ட்டும்தான் அசல். அதை யாரும் மறுக்க முடியாது. பாட்டுக்கு உரிய பெயரும் பணமும் அவர்களுக்குச் சேர வேண்டியதே நியாயம். தட்டில் பாடியவரின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு, எழுதினவர் பெயரை எறும்பு எழுத்தில் போடுகிற வழக்கத்தால், பேர் மறந்துபோன பாட்டாசிரியர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். கிங்கை 1974-ல் நாட்டுப்புற இசையின் புகழ் மண்டபத்தில் சேர்த்துக் கௌரவித்தார்கள். அவர் 2000-ல் காலமானார், ஸ்டூவர்ட் 2003-ல், பாட்டி பேஜ் 2013 புத்தாண்டு தினத்தில்.

ஆனால் பாட்டின் உள்ளே புகுந்து பார்த்தால் அசல் என்பதே கிடையாது. அசல் அந்த நடனக் கூடத்தோடு போய்விட்டது. அன்று ஒலித்ததைக் கேட்டவர் ஒருவர், அவரும் கற்பனை. கிங் முதல் கோஹன் வரையில் எல்லாரும் காதில் விழாத அந்த ஒரு மெட்டைத்தான் தங்கள் தங்கள் ஞாபகத்திலிருந்து தேடிப் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

பாட்டில் வருகிறவர் அறிமுகம் செய்து வைத்ததால் இழந்தார். பாட்டைச் செய்தவர்களும் அதையேதான் செய்தார்கள்: தங்களுடையதைப் பிறருக்கு அறிமுகம் செய்தார்கள், அது பிறரோடு ஆடப் போய்விட்டது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. காதலைக் கொண்டுபோனவர் திருப்பித் தருவதில்லை. பாட்டைக் கொண்டுபோனவர்களோ, ஹாக்கின்ஸும் பாட்டி பேஜும் சியெமியும் ரெடிங்கும், ஒவ்வொருவரும் அதோடு தம் துக்கத்தில் ஒரு பங்கைச் சேர்த்து, முன்னைவிடக் கனமாக அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தீப்பெட்டி அட்டையில் எழுதியபோது அது இவ்வளவு கனமாக இருந்திருக்காது.